விளக்கு யார் கையிலோ அவரே தலைவர்

மூக்குக்கண்ணாடிக் கடை அக்காவுக்கு, சூனியம் வைக்க அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்துவிட்டதாகக் கடைத்தெருவில் பேச்சு.

இந்தச் செய்தி செருப்புக் கடையிலிருந்து புறப்பட்டபோது வெறும் லைசென்ஸாகத்தான் இருந்தது. மருந்துக் கடைக்கு வந்து சேர்வதற்குள் அதோடு மாதச் சம்பளமும் ஒட்டிக்கொண்டது. முடிவெட்டும் கடையில் ஆற அமர உட்கார்ந்து யோசிக்க வசதி உண்டு என்பதால், ஏறிப் பறக்கும் துடைப்பத்துக்குப் பெட்ரோல் படியும் உண்டு என்று அங்கே முடிவாயிற்று. ஒருவர் சத்தியமே செய்தார். கண் பரிசோதனையின்போது கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்பத் தெளிவா இருக்கா? இப்ப? முன்னாடி நல்லாருந்ததா, இதுவா?" என்று அக்கா கேட்கிறாளே, அதுதான் மந்திரமாம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் மானத்துக்குப் பயந்து தலையாட்டிய அனுபவம் எல்லோருக்கும் இருந்ததால், இதை மறுத்துப் பேச ஆளில்லை.

இந்த வதந்தியைச் சரிபார்க்கப் பெரிய துப்பறியும் வேலை எதுவும் தேவைப்படவில்லை. கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் போதும். இடது பக்கம் கண்ணாடிச் சட்டங்கள் மாட்டிய தட்டு. வலது பக்கம் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் நாற்காலி. எதிர்ச் சுவரில், மேலே பெரிதாகத் தொடங்கிக் கீழே போகப் போக எறும்பாகிவிடும் எழுத்துகள். அதற்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டிய ஒரு தாள். விக்கா சமயத்தைப் பின்பற்றும் இந்தக் குழு, சட்டப்படி பதிவு பெற்ற சமயக் குழுவாக அங்கீகரிக்கப்படுகிறது என்று அதில் அச்சிட்டிருக்கிறது. விக்கா என்பது நிலாவையும் பருவங்களையும் வணங்கும் மேல்நாட்டுச் சமயம்; சூனியக்காரர் சமயம் என்று அதற்கு அங்கே ஒரு பட்டப்பெயரும் உண்டு. அடியில் வட்ட முத்திரை. சூனியம் இல்லை, சம்பளம் இல்லை, பெட்ரோல் சுத்தமாக இல்லை. கடைத்தெரு சொன்னதில் 'அரசாங்கம்' என்ற ஒரு சொல் மட்டும் தேறியது. நம் கடைத்தெருவின் வழக்கமான தரத்துக்கு இது நல்ல மதிப்பெண்தான்.

அந்தத் தாள் அங்கே வந்த கதை வதந்தியைவிட ருசியானது. அதற்கு மூல காரணம் ஒரு கல்யாணம். அதுவும் அக்காவுடைய கல்யாணமே.

அக்காவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு கல்யாணம் ஏற்கெனவே ஆகி, கணவர் நோயில் போய்ச் சேர்ந்து, பல வருஷம் ஆகிறது. அந்த முதல் கல்யாணத்தைப் பற்றி அவளுக்குப் பெரிய குறை ஒன்றுமில்லை. ஒரே ஒரு மனத்தாங்கல்தான். அன்று யாரோ என்னவோ சொன்னார்கள், அவள் தலையாட்டினாள். இன்னொருவர் வேறேதோ சொன்னார், அதற்கும் ஆட்டினாள். பிறகு சாப்பிடப் போகச் சொன்னார்கள். தன் கல்யாணத்தில் தான் பேசிய ஒரே வாக்கியம் "தண்ணி கிடைக்குமா?" என்பதுதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

விக்காவுக்கு அவள் போனது பக்தியால் அல்ல, சண்டைக்குத்தான். கடைக்கு மேல் மாடியில் பல் டாக்டரம்மாவின் மருத்துவமனை, அதற்கும் மேலே மொட்டை மாடி. ஒரு மாலை, லென்ஸின் ஓரத்தை அரைக்கும் இயந்திரத்துக்கு மேலே, சுவர்க் குழாய் ஓரமாக மொட்டை மாடியிலிருந்து இறங்கிய தண்ணீர் சொட்டியது. அக்கா இடுப்பில் கை வைத்தபடி படியேறினாள். மொட்டை மாடியில் டாக்டரம்மாவும் இன்னும் சில பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பூந்தொட்டிகளுக்கு ஊற்றிய தண்ணீர் அவர்களைச் சுற்றிக் குளம் கட்டியிருந்தது. கிழக்கே முழுநிலா அப்போதுதான் தலை காட்டியிருந்தது.

"யாரு இங்க தலைவர்? அவங்ககிட்டதான் பேசணும்" என்றாள் அக்கா.

"தலைவர்னு யாரும் கிடையாதுங்க" என்றார் தெருமுனைத் தையல்காரர். "இந்த விளக்கு யார் கையில இருக்கோ அவங்க பேசுவாங்க. மத்தவங்க வாயை மூடிக்குவோம். இந்தாங்க, நீங்க பேசுங்க."

கையில் ஒரு சிறு கைவிளக்கைக் கொடுத்தார்கள். அக்கா கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினாள். யாரும் குறுக்கே பேசவில்லை. அது அவளுக்குப் புது அனுபவம். அப்பா, அண்ணன், கணவர், வாடிக்கையாளர் என்று வாழ்க்கை முழுக்க அவள் வாக்கியத்தை வேறு யாராவதுதான் முடித்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் விஷயம் தீர்ந்த பிறகும் விளக்கு கையிலேயே இருந்ததால் வேறு ஏதேதோ பேசினாள். பேசி முடித்தபோது நிலா தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஏறியிருந்தது. அடுத்த பௌர்ணமிக்கு, யாரும் கூப்பிடாமலே போய் உட்கார்ந்தாள்.

அவர்கள் செய்வது இவ்வளவுதான். பௌர்ணமிக்கு ஒன்றுகூடுவார்கள். பருவம் மாறும் நாள்களில் மண்ணுக்கும் வெயிலுக்கும் நன்றி சொல்வார்கள். யாருக்கும் கெடுதல் செய்யாதவரை அவரவர் வாழ்க்கை அவரவர் இஷ்டம் என்பார்கள். விளக்கு மாதத்துக்கு ஒருவரிடம் போகும். அந்த மாதம் வட்டத்தைத் தொடங்கி முடித்து வைப்பது அவர் பொறுப்பு. அடுத்த மாதம் அவர் பழையபடி சாதாரண ஆள். இப்படியொரு ஏற்பாட்டை உலகத்தில் வேறெங்கும் அக்கா பார்த்ததில்லை. அவள் அண்ணன் வீட்டில் டிவி ரிமோட்கூட இந்த அளவுக்குக் கை மாறியதில்லை.

ஓட்டுநர் வந்தது பிறகு. அவர் நகரப் பேருந்து ஓட்டுபவர், மனைவியை இழந்தவர், குரல் மட்டும் பேருந்து அளவுக்குப் பெரியது. உரிமம் புதுப்பிக்கக் கண் பரிசோதனைக்கு வந்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரம் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று திரும்ப வந்தார். அதற்கடுத்த வாரம் மூக்கை உறுத்துகிறது என்றார்.

"என்ன உறுத்துது? நீங்க கண்ணாடியே போடலையே" என்றாள் அக்கா.

"அதான் மேடம், போட்டா எப்படி உறுத்துமோன்னு யோசிச்சாலே உறுத்துது."

அக்கா பரிசோதனை விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலியைக் கீழே இறக்கி, அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். "சார், உங்களுக்கு என்னதான் வேணும்?"

"தினமும் உறுத்தாம இருக்கணும்" என்றார் ஓட்டுநர். அதைவிட நல்ல காதல் வசனம் பேருந்துத் தொழிலாளர்களிடமிருந்து இதுவரை வந்ததாகத் தெரியவில்லை.

அக்கா சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. "முதல் தடவை அடுத்தவங்க சொன்னதுக்குத் தலையாட்டினேன். இந்தத் தடவை நான் எழுதினதை என் வாயால சொல்லணும். எங்க மாடியில, எங்க வழக்கப்படி. ஆனா அது சர்க்கார் கணக்குலயும் கல்யாணமா இருக்கணும்."

"எனக்கென்ன, நீங்க எந்த ஸ்டாப்ல நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தறேன்" என்றார் அவர்.

சர்க்கார் அவ்வளவு சுலபமாக நிறுத்துவதில்லை. பதிவு பெற்ற சமயக் குழுவின் ஆள் நடத்திவைத்தால்தான் அது சமயக் கல்யாணம். விக்காவுக்குப் பதிவு இல்லை. சமயப் பதிவு அலுவலகத்தின் பதிவாளர் தன்மையான மனிதர். மேசைமேல் ஒரு தூசி கிடையாது, பேச்சிலும் கிடையாது.

"அம்மா, எதுக்கு சிரமம்? பக்கத்துக் கட்டடத்துல பதிவுத் திருமணம் பண்ணிக்கோங்க. அப்புறம் மாடியில போய் உங்க இஷ்டப்படி ஒண்ணு பண்ணிக்கோங்க."

"மத்தவங்களுக்கெல்லாம் ஒரு கல்யாணம் போதும், எங்களுக்கு மட்டும் ரெண்டா சார்?"

பதிவாளர் யோசித்தார். அவர் யோசிக்கிற மனிதர் என்பதுதான் இந்தக் கதையின் அதிர்ஷ்டம். விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார்.

விண்ணப்பம் வேறு மாதிரிக் கடவுள்களை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டது. வழிபாட்டு இடம் எது என்றது. மொட்டை மாடி என்று எழுதினாள். கூரை எந்த வகை என்றது. வானம் என்று எழுதினாள். புனித நூல் எது என்றது. ஆளுக்கொரு குறிப்பேடு என்றாள்.

"எல்லா குறிப்பேட்டுலயும் ஒரே விஷயம்தானே இருக்கும்?" என்று ஆவலோடு கேட்டார் பதிவாளர்.

"ஒண்ணுலகூட ஒரே விஷயம் இருக்காது சார். தையல்காரர் அவரோடதுல பாதிக்குமேல ரவிக்கை அளவுதான் எழுதி வெச்சிருக்கார்."

அதையெல்லாம்கூட அவர் எப்படியோ சட்டத்துக்குள் சுருட்டி மடித்து வைத்துவிட்டார். 'தலைவர் பெயர்' என்ற இடத்தில்தான் வண்டி நின்றது. விளக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் என்று வட்டத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது.

"விளக்கு யார் கையில இருக்கோ அவருக்கு நான் எப்படிக் கடிதம் போடறது?" என்றார் பதிவாளர். அதுவும் நியாயமான கேள்விதான். "ஒரு பேர் குடுங்கம்மா. நிரந்தரமா ஒரே பேர்."

அடுத்த பௌர்ணமியில் நடந்தது பணிவுப் போட்டி. உலகத்தில் மற்ற இடங்களில் தலைமைக்கு ஆள்கள் முட்டிமோதுவார்கள். இங்கே எல்லோரும் பின்னால் நகர்ந்து நகர்ந்து வட்டமே பெரிதாகிக்கொண்டு போனது.

"நான் மாட்டேன்பா. நாளைக்கே எனக்குத் தலைக்கனம் வந்துடும்" என்றார் டாக்டரம்மா.

"எனக்கு ஏற்கெனவே இருக்கு. இன்னும் ஏத்திக்க இடமில்ல" என்றார் தையல்காரர்.

கடைசியில் ஒரு பொதுக்கருத்து உருவானது. அந்த மாதம் விளக்கு அக்காவின் முறை. தவிர, தெருவில் பெயர்ப்பலகை உள்ளவள் அவள்தான், கடிதம் தவறாமல் வந்து சேரும். அதோடு, பதிவு வேண்டும் என்று பறந்தவளும் அவளே. ஆக எழுது அவள் பெயரை! தலைவர், செயலாளர், கல்யாணம் நடத்திவைக்க அதிகாரம் பெற்றவர் என்று எல்லாக் கட்டத்திலும் அக்காவின் பெயரையே நிரப்பினார்கள். அடுத்தவருக்குப் பதவிச் சுமையைத் தரக்கூடாது என்ற நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் பின்னால் கழுத்தறுத்தது.

அதற்கு முன் பதிவாளர் நேரில் பார்வையிட வந்தார். அவரை வாசலிலேயே வரவேற்றவர் அக்காவின் அண்ணன்.

அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் தலைவர். காலை நடைப்பயிற்சியாளர் சங்கத்தின் நிறுவனர். இத்தனைக்கும் அவர் நடப்பது வீட்டிலிருந்து சங்கக் கூட்டம் வரைக்கும்தான். தங்கை விக்காவுக்குப் போவதும் பிடிக்காது, இந்த வயதில் கல்யாணம் என்பதும் பிடிக்காது. "ஊர்ல தலைகாட்ட முடியல. துடைப்பத்தைத் தாண்டி ஒரு கல்யாணமாம்! தாண்டும்போது இடுப்பு பிடிச்சுக்கிட்டா யார் பார்க்கறது?" என்று அண்ணியிடம் புலம்புவார். ஆனாலும் பௌர்ணமி தவறாமல் மாடிக்கு வந்துவிடுவார், தங்கையை யாரும் ஏமாற்றிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காம். வட்டத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொசுவைப் பற்றி ஆட்சேபம் தெரிவிப்பார்.

அன்று பதிவாளரைக் கண்டதும் அண்ணனுக்குள் இருந்த தலைவர் விழித்துக்கொண்டார். ஓர் அரசு அதிகாரி, படியேறி வருகிறார், வரவேற்புரை இல்லாமல் விடுவதா?

"நம்ம சபை சார்பா உங்களை வருக வருகன்னு வரவேற்கிறேன்" என்று ஆரம்பித்தவர், நிறுத்தவில்லை. டாக்டரம்மா தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் வானத்தைப் பார்த்தார்.

"நம்ம சபையா? நேத்துவரைக்கும் கொசு சபைன்னு சொல்லிட்டிருந்தீங்களே" என்று அக்கா அண்ணன் காதருகே கேட்டாள்.

"அதிகாரி முன்னாடி குடும்ப விஷயம் பேசாதே."

பதிவாளர் எல்லாவற்றையும் பார்த்தார். பூந்தொட்டிகளைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். துடைப்பத்தின் முன் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"இது எதுக்கு?"

"பெருக்கறதுக்கு" என்றார் தையல்காரர். "உட்கார்றதுக்கு முன்னாடி இடத்தைச் சுத்தம் பண்ணுவோம். கல்யாணத்துல மாப்பிள்ளையும் பொண்ணும் கையைப் பிடிச்சுக்கிட்டு அதைத் தாண்டுவாங்க."

"அவ்வளவுதானா?" என்றார் பதிவாளர். அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் ஓடி மறைந்ததை மறுப்பதற்கில்லை.

சில வாரங்களில் அங்கீகாரம் வந்துவிட்டது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று கண்ணாடி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் துடைக்கும் துணியை இலவசமாகக் கொடுத்தாள். தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, மேலோட்டமாகப் படித்து, வேகமாகத் திரும்பிப் போனார். வதந்தி பிறந்த நேரம் அது.

மறுநாளே ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு கல்யாண அறிவிப்புக் கொடுக்கப் போனாள். சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டுக் கேட்டு எழுதினாள்.

"மணமகன்?"

"நான்தாம்மா" என்றார் ஓட்டுநர். பக்கத்துச் சன்னலில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மணமகள்?"

"நான்" என்றாள் அக்கா.

"நடத்திவைக்கிறவர்?"

"நான்."

பேனா நின்றது. அந்தப் பெண் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "மேடம், உங்க கல்யாணத்தை நீங்களே எப்படி நடத்திவைப்பீங்க?"

"ஏன், எங்க குழுவுக்கு அதிகாரம் உண்டே. தாள் இருக்கு, முத்திரை இருக்கு."

"இருக்கு மேடம். ஆனா கல்யாணம் பண்ணிக்கிறவங்க வேற, நடத்திவைக்கிறவங்க வேறயா இருக்கணும். எல்லா மதத்துக்கும் அதே சட்டம்தான். உங்க குழுவுல நீங்க ஒருத்தர்தான் அதிகாரம் பெற்றவர்னு போட்டிருக்கே."

அக்கா வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். யாருடைய கல்யாணத்துக்காக இத்தனை அலைந்தாளோ, அந்தக் கல்யாணம் ஒன்றைத் தவிர இந்த வட்டாரத்தில் எல்லோருடைய கல்யாணத்தையும் அவளால் இப்போது நடத்திவைக்க முடியும்.

ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தார். "பரவால்ல விடுங்க. வேற யாருக்காவது பண்ணி வெச்சுப் பழகிக்கலாம்."

"சிரிக்காதீங்க."

"நான் சிரிக்கல. என் மூஞ்சியே அப்படித்தான்."

இன்னொருவரை அதிகாரம் பெற்றவராகச் சேர்த்தால் தீர்ந்தது என்றார் பதிவாளர். வட்டத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், பதவியில் நிரந்தரமாக இருக்கச் சம்மதிக்க வேண்டும். மறுபடி பௌர்ணமி, மறுபடி பணிவுப் போட்டி. விளக்கு மாதத்துக்கு ஒருவரிடம் போக வேண்டியது, அதில் ஒருவர் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டால் அப்புறம் நமக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று டாக்டரம்மா கேட்டார். அதைக் கொள்கை என்று சொல்லலாம். தையல்காரர் தனக்குக் கூட்டத்தில் பேச நா எழாது என்றார். அது பயம். மற்றவர்கள் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து சொன்னார்கள். அக்கா எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வட்டம் முடிந்தது. வட்டத்துக்கு வெளியே ஒரு நாற்காலி இருந்தது.

உலகத்தில் எந்தப் பதவி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஒரே மனிதர் அதில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா" என்றாள் அக்கா.

"எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது" என்றார் அண்ணன், கேள்வி வருவதற்கு முன்பே. இன்னொரு கொசுவை அடித்துவிட்டு, "லெட்டர்பேட் உண்டா?" என்றார்.

"கிடையாது."

"அடிச்சுக்கலாம். அது ஒரு விஷயமில்ல."

"அண்ணா, விளையாட்டு இல்ல. பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டு எனக்குக் கல்யாணம் வேணாம். நம்பிக்கை இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு. நான் பக்கத்துக் கட்டடத்துல பதிவு பண்ணிக்கறேன். இத்தனை நாள் அலைஞ்சது போச்சுன்னு நினைச்சுக்கறேன்."

இதைச் சொன்னபோது அவள் குரல் லேசாக இறங்கியது. அண்ணன் கொசு அடிப்பதை நிறுத்தினார். அக்கா விளக்கை அவர் கையில் கொடுத்தாள். "உள்ள வந்து உட்காரு. உண்மையைச் சொல்லு. எங்ககிட்ட இருக்கற ஒரே பரீட்சை இதுதான்."

அண்ணன் நாற்காலியை விட்டு இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒலிபெருக்கி கிடைத்தால் விடாத மனிதர், விளக்கு கிடைத்ததும் வாயடைத்துப் போனார். குறுக்கே பேச யாருமில்லை என்பதே அவரைக் குழப்பியது. சங்கங்களில் யாராவது எதிர்த்துக் கத்தினால்தான் அவருக்கு அடுத்த வாக்கியம் வரும்.

"எனக்கு நிலாவைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றார் கடைசியில். "ஒண்ணு மட்டும் தெரியும். இவ சின்ன வயசுலேர்ந்து நான் என்ன சொன்னாலும் சரிண்ணா, சரிண்ணாதான். இந்த மாடிக்கு வர ஆரம்பிச்சப்புறம்தான் என்னை எதிர்த்துப் பேசறா. போன வருஷம் முட்டாள்னுகூட சொன்னா." விளக்கை மறு கைக்கு மாற்றினார். "நல்லாருந்துது. வீட்ல பேச ஒரு ஆள் கிடைச்ச மாதிரி இருந்துது. அந்தப் பேச்சைக் குடுத்தது எதுவோ, அதை நான் நம்பறேன். அவ்வளவுதான். போதுமா, போதாதா?"

யாரும் பேசவில்லை. விளக்கு அவர் கையில் அல்லவா இருந்தது.

"போதும்ணா" என்றாள் அக்கா, விதியை மீறி.

"ஆனா நான் ஏற்கெனவே கும்பிடற சாமியை விடமாட்டேன்."

"யாரும் விடச் சொல்லல" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் பதிவாளரும் இதற்காகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஒருவர் ஒரு சமயத்தில்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுத மறந்திருப்பார்கள் என்று நினைத்தார், ஆனால் அந்த மறதியைத் திருத்துவது தன் வேலை அல்ல என்றும் நினைத்தார். தவிர, அண்ணனின் பெயரைப் பார்த்ததும் அவர் கேட்டதே வேறு. "இவர்தானே அன்னிக்கு வரவேற்புரை நிகழ்த்தினது? இவர் ஏற்கெனவே தலைவர் இல்லையா?"

கல்யாணம் மொட்டை மாடியில், சூரியன் ஒருபக்கம் இறங்க, நிலா மறுபக்கம் ஏறுகிற நேரத்தில் நடந்தது. பேருந்துப் பணிமனையிலிருந்து சீருடையோடு ஒரு கூட்டம் வந்தது. தையல்காரர் தைத்த நீல உடையில் அக்கா. பதிவாளர் சாட்சியாக முன்னால் நின்றார். அண்ணி, "ஏங்க, சுருக்கமா முடிங்க" என்று அண்ணனிடம் நான்கு பேர் கேட்கும்படி ரகசியம் சொன்னாள்.

அண்ணன் இருவர் கைகளையும் ஒரு நூல் கயிற்றால் சேர்த்துக் கட்டினார். விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அக்கா எழுதிக் கொடுத்திருந்த உறுதிமொழித் தாளை மறு கையில் எடுத்தார். தாளை முகத்தருகே கொண்டு வந்தார். பிறகு கையை நீட்டினார். இன்னும் கொஞ்சம் நீட்டினார். கை முடிந்துவிட்டது, எழுத்து தெளியவில்லை. தங்கை ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவள், அண்ணன் மட்டும் படிக்கிற கண்ணாடி போட மாட்டார். போட்டால் வயதாகிவிட்டதாகச் சங்கத்தில் நினைத்துவிடுவார்களாம். அப்படியே, விளக்கைத் தாளுக்குப் பக்கத்தில் ஆட்டி ஆட்டி, ஒரு வரி படிப்பதும் ஒரு வரி சொந்தமாகச் சேர்ப்பதுமாக வண்டியை ஓட்டினார்.

அக்கா தன் வரிகளை ஒன்று விடாமல் தன் வாயால் சொன்னாள். அவள் குரல் கீழே கடைத்தெரு வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். முடிவெட்டும் கடையில் நாற்காலி சுழல்வதே நின்றுவிட்டதாம். இதுவும் வதந்தியாக இருக்கலாம், ஆனால் இதை யாரும் சரிபார்க்க வேண்டாம்.

ஓட்டுநரின் முறை வந்தது. சமைப்பதில் பாதி, துவைப்பதில் பாதி, நோயில் முழுதும் என்று அவர் அண்ணனைத் தொடர்ந்து முழங்கினார். அதற்கடுத்து ஒரு வரி இருந்தது. அக்கா யோசித்து யோசித்து எழுதிய வரி. ஓட்டுநருக்குக் கோபம் வந்தால் ஒரு பழக்கம், பேசமாட்டார். விறுவிறுவென்று பணிமனைக்குப் போய், விடுமுறை நாளானாலும் பேருந்தைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். வண்டி பளபளவென்று வந்தால் வீட்டில் சண்டை என்று பணிமனையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அக்கா எழுதியிருந்தாள்: 'கோபம் வந்தால் எழுந்து போகமாட்டேன், எதிரே உட்கார்ந்து சண்டை போடுவேன்.'

அண்ணன் தாளை நீட்டினார், இழுத்தார், விளக்கை ஆட்டினார், ஒரு வரி கீழே இறங்கிவிட்டார். ஓட்டுநரும் அவர் பின்னாலேயே இறங்கிவிட்டார்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள். ஆனால் அவள் பேசும் முறை முடிந்திருந்தது; விளக்கு அண்ணன் கையில் இருந்தது, அவளுடைய கை கட்டப்பட்டிருந்தது. இந்த வட்டத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த விதியே குறுக்கே நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். துடைப்பத்தைத் தாண்டினார்கள், இடுப்பு யாருக்கும் பிடித்துக்கொள்ளவில்லை. பதிவாளர் கையெழுத்துப் போட்டார். பணிமனைக் கூட்டம் ஹாரன் மாதிரியே கத்தியது.

கட்டை அவிழ்த்ததும் அக்கா நேரே பதிவாளரிடம் போனாள். "சார், ஒரு வரி விட்டுப் போச்சு. கல்யாணம் செல்லுமா?"

"தாராளமா செல்லும்மா. கட்டாயமா சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு. விட்டுப்போனது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற பாக்கி. அதுக்கு எங்க அலுவலகத்துல கட்டம் இல்ல."

அண்ணனைக் கேட்டால், விளக்கில் எண்ணெய் போதவில்லை என்கிறார். ஓட்டுநரைக் கேட்டால், முறைப்படி விளக்குக்கு முன்னால் சொல்ல வேண்டியதை வீட்டுக் கூடத்தில் எப்படிச் சொல்வது, அடுத்த பௌர்ணமியில் சொல்லிவிடுகிறேன் என்கிறார். பௌர்ணமி வந்தால் அவருக்கு மாலை ஷிப்ட் இருக்கிறது. எந்தச் சமயத்திலும் இல்லாத பக்தியோடு அந்த ஷிப்டைக் கேட்டு வாங்குகிறார் என்பது அக்காவின் சந்தேகம்.

போன வாரம் சன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்பதில் ஒரு சண்டை வந்தது. ஓட்டுநர் வழக்கம்போல எழுந்து செருப்பை மாட்டினார். அக்கா, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கிறவளைப் போல உள்ளங்கையை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து போகவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. செருப்பையும் கழற்றவில்லை. விட்டுப்போன வரியின் பாக்கியில் பாதி அடைத்தாயிற்று என்பது அவர் வாதம். வட்டிகூட வரவில்லை என்கிறாள் அக்கா.